கதையிலிருந்து சமன்பாட்டுக்கு: கணக்குப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் எடுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

கணக்குப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை. இந்த மடல் ஒரே ஒரு பாடப்பகுதியைப் பற்றியது: இரு மாறிகளில் அமைந்த ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள், அதாவது தெரியாத இரண்டு எண்களை இரண்டு சமன்பாடுகளைக் கொண்டு கண்டுபிடிக்கும் பகுதி, அதிலும் குறிப்பாக வாக்கியக் கணக்குகள். பிள்ளைகள் பேச்சில் ‘ஸ்டேட்மென்ட் சம்’. கதையைப் படித்து இரண்டு சமன்பாடுகளை எழுதும் வேலைக்குப் பாடநூலில் இன்னும் அதிக இடமும் தேர்வில் இன்னும் அதிக மதிப்பெண்ணும் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். அதற்காகச் சமன்பாட்டைத் தீர்க்கும் வேலைக்கு இப்போது கொடுப்பதில் கொஞ்சம் குறைத்தாலும் பாதகமில்லை.

கரும்பலகையில் இரண்டு சமன்பாடுகளை எழுதிப்போட்டு ‘நீக்கல் முறையில் தீர்க்கவும்’ என்றால் வகுப்பில் பெரும்பாலானவர்கள் மளமளவென்று போட்டுவிடுவார்கள். அதே இரண்டு சமன்பாடுகளை ஒரு கதைக்குள் வைத்துக் கொடுத்தால், அதே பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். “மிஸ், சமன்பாட்டை மட்டும் சொல்லிடுங்க, மீதிய நாங்க போட்டுடறோம்.” கணக்கு எடுக்கும் எல்லோருமே இதைக் கேட்டிருப்பீர்கள். சின்ன உதவி மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் யோசித்துச் செய்ய வேண்டிய பகுதி முழுவதும் அந்த உதவிக்குள் போய்விடுகிறது. பிள்ளையிடம் மிஞ்சுவது கூட்டல் கழித்தல்தான். சமன்பாட்டைக் கைபேசியில் படம் பிடித்தால் படிப்படியாகத் தீர்த்துக் காட்டும் செயலிகள் வந்துவிட்ட காலத்தில், அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் நாம் வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று நான்கு வழிகளைக் கற்பிக்கிறோம். நான்குமே தீர்க்கும் வழிகள். அமைப்பது எப்படி என்பதற்கு இவற்றுக்கு இணையான இடம் இல்லை. எடுத்துக்காட்டுகளில் ‘என்க’ என்று ஒரு வரி வரும், அடுத்த வரியில் சமன்பாடு வந்துவிடும். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே எழுதியவர் மனதில் என்ன ஓடியது என்பது தாளில் இருக்காது. பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். டீக்கடை. நான்கு டீ, மூன்று வடைக்கு ஒருவர் 90 ரூபாய் கொடுத்தார். இரண்டு டீ, ஐந்து வடைக்கு இன்னொருவர் 80 ரூபாய் கொடுத்தார். டீ என்ன விலை, வடை என்ன விலை? டீக்கடையில் பில் கிடையாது, மொத்தத்தை வாயால் சொல்வார்கள். அதனால் இந்தக் கேள்வி நிஜமாகவே யாருக்காவது எழக்கூடியது.

இதை வகுப்பில் கொடுத்தால், பல பிள்ளைகள் முதல் வரியில் ‘எக்ஸ் = டீ, ஒய் = வடை’ என்று எழுதுவார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு இது சரியாகவே படும், திருத்துகிறவர் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் கோளாறு தொடங்கும் இடம் அதுதான். எக்ஸ் என்பது டீ இல்லை. அது ஒரு எண். ஒரு டீயின் விலை, ரூபாயில். இந்த வித்தியாசம் பிடிபடாத பிள்ளைக்கு, 4ட + 3வ = 90 என்பது ‘நாலு டீயும் மூணு வடையும் தொண்ணூறு’ என்ற வாக்கியத்தின் சுருக்கெழுத்தாகவே தெரியும். இந்தக் கணக்கில் அது தப்பித்துவிடும். அடுத்து நாணயக் கணக்கு வரும்: ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் மொத்தம் 20, மதிப்பு 140 ரூபாய். அங்கே ‘எக்ஸ் = ஐந்து ரூபாய்’ என்று எழுதும் பிள்ளை அதற்கு மேல் நகராது. நாணயங்களின் எண்ணிக்கையா, மதிப்பா என்ற கேள்வியே அதன் மனதில் எழுந்திருக்காது. ஈரிலக்க எண் கணக்கில் பத்தாம் இடத்து இலக்கம் எக்ஸ், ஒன்றாம் இடத்து இலக்கம் ஒய் என்றால், அந்த எண்ணை ‘எக்ஸ்ஒய்’ என்று சேர்த்து எழுதுவதும் இதே நோய்தான். பத்து எக்ஸ் கூட்டல் ஒய் என்று எழுத, எழுத்து ஓர் எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது என்ற புரிதல் வேண்டும்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: ‘என்க’ என்று முடியும் அந்த முதல் வரியைப் பாடநூல் முழு வாக்கியமாக எழுதட்டும். எதன் எண்ணிக்கை, எதன் விலை, எந்த அலகில், எந்த நாளில் என்பதெல்லாம் அதில் வரட்டும். ‘தற்போது மகனின் வயது ம ஆண்டுகள் என்க’ என்பதில் ‘தற்போது’ விட்டுப்போனால் பாதி வயதுக் கணக்குகள் அங்கேயே கவிழ்ந்துவிடும். விடைக்குறிப்பிலும் அந்த வரிக்குத் தனியாக ஒரு மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வகுப்பறையின் நேரமும் போகும், இது உங்களுக்குத் தெரியாததில்லை.

அந்த டீக்கடைக் கணக்கை ஒரு மாணவி எக்ஸ், ஒய் எதுவும் இல்லாமல் செய்தாள். “ரெண்டாவது ஆள் ரெண்டு தடவை வாங்கினா நாலு டீ, பத்து வடை, நூத்தி அறுபது ரூபாய். முதல் ஆளும் நாலு டீதான். அப்போ ஏழு வடை அதிகம், எழுபது ரூபாய் அதிகம். வடை பத்து ரூபாய். டீ பதினஞ்சு.” நான் கரும்பலகையில் அவள் சொன்னதையே வரிவரியாகச் சமன்பாடாக எழுதினேன். இரண்டாவதை இரண்டால் பெருக்கு, முதலாவதைக் கழி. நீக்கல் முறை என்பது இதுதான் என்று வகுப்புக்குத் தெரிந்தது அப்போதுதான். அதற்கு முந்தின வாரம் அவர்கள் அதே முறையில் பயிற்சிக் கணக்குகளைச் சரியாகப் போட்டிருந்தார்கள். ஆனாலும், கெழுக்களை, அதாவது எக்ஸ், ஒய்க்கு முன்னால் நிற்கும் எண்களை, சமமாக்குவது என்றால் ‘இருவரும் ஒரே அளவு டீ வாங்கியதாக ஆக்குவது’ என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

இந்த மாதிரி விடையை ஒரு பிள்ளை தேர்வுத்தாளில் எழுதினால் என்ன ஆகும்? ‘சமன்பாடு எழுதவில்லை’ என்று மதிப்பெண் குறையும். தயவுசெய்து இதை மாற்றுங்கள். கேள்வி ‘இன்ன முறையில் தீர்க்க’ என்று சொல்லாதவரை, காரணத்தோடு எழுதிய எந்த வழிக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட, திருத்தும் முகாமில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குத் துணிவு வருவதில்லை.

அந்த மாணவி செய்தது குறுக்குவழி ஒன்றும் இல்லை. குறியீட்டு இயற்கணிதம் வருவதற்கு முன்னால் உலகம் இந்தக் கணக்குகளை அப்படித்தான் போட்டது. சீனாவில் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் சுன்ட்ஸு பெயரில் வந்த கணக்கு நூலில் ஒரு கூண்டுக் கணக்கு இருக்கிறது. கூண்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும், தலைகள் 35, கால்கள் 94. அங்கே சொல்லப்படும் வழி: கால்களைப் பாதியாக்கு, 47. அதிலிருந்து தலைகளைக் கழி, 12. முயல்கள் 12, கோழிகள் 23. ஏன் இப்படி? பாதியாக்கினால் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு கால், ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு கால். தலைக்கு ஒன்று கழித்துவிட்டால் மிஞ்சுவது முயல் ஒன்றுக்கு ஒன்று. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மலர்கிறது என்று.

நம் பக்கத்திலும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்தில் மகாவீரர் எழுதிய கணித சார சங்கிரகத்தில் பழக்கணக்கு ஒன்று வருகிறது. 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. தனித்தனி விலை என்ன? பிள்ளைகள் உடனே 9-ஐயும் 7-ஐயும் குறுக்கே பெருக்கத் தொடங்குவார்கள். ஒரு நிமிடம் நிறுத்தி, எண்களின் அழகைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வரியையும் கூட்டினால் 16 நாரத்தை, 16 விளாம்பழம், 208. ஆக, ஒரு ஜோடி 13. கழித்தால் 2 நாரத்தை கூட, 2 விளாம்பழம் குறைவு, வித்தியாசம் 6. ஆக, நாரத்தை விளாம்பழத்தைவிட 3 கூடுதல். கூட்டுத்தொகை 13, வித்தியாசம் 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. மனக்கணக்கு! இந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த ரங்காச்சாரியார். 1912-இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. நம் ஊரில் அச்சேறி நூறு வருஷம் தாண்டிய கணக்கு நம் பிள்ளைகள் கையிலும் இருக்க வேண்டாமா? பாடநூலின் ஓரத்தில் பெட்டி கட்டி ‘உங்களுக்குத் தெரியுமா’ என்று போடுவது போதாது. பயிற்சியிலேயே வையுங்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாஸ்கரரின் பீஜகணிதத்தில் இன்னொன்று. ஒருவன் சொல்கிறான்: நண்பா, எனக்கு 100 கொடு, உன்னைவிட நான் இரு மடங்கு பணக்காரன் ஆவேன். மற்றவன் சொல்கிறான்: நீ எனக்கு 10 கொடு, உன்னைப் போல் ஆறு மடங்கு நான் ஆவேன். விடை 40, 170. இந்தக் கணக்கின் பயன் விடையில் இல்லை. கொடுக்கும்போது ஒருவரிடம் கூடுகிறது, இன்னொருவரிடம் குறைகிறது. இரண்டையும் சமன்பாட்டில் காட்ட வேண்டும். பிள்ளைகளில் பலர் ஒரு பக்கத்தில் 100 கூட்டுவார்கள், மறு பக்கத்தில் கழிக்க விட்டுவிடுவார்கள். அப்படி விட்டவர்களுக்கு விளக்கம் சொல்வதைவிட, இரண்டு பேரை முன்னால் நிற்க வைத்துச் சாக்பீஸ் துண்டுகளை மாற்றிக் கொடுக்கச் சொன்னால் போதும்.

சரி, கதையிலிருந்து சமன்பாட்டுக்குப் போவது எப்படி? நான் கண்டவரை நம்பகமாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. விடை என்னவாக இருக்கும் என்று ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. பாடநூல்களில் இதற்கு மரியாதை இல்லை. ‘குத்துமதிப்பு’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஒரு வயதுக் கணக்கு. 5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பின் இருவரின் வயதின் கூடுதல் (கூட்டுத்தொகை) 70. தற்போதைய வயது என்ன? பலகைக்கு வந்த பையனிடம் “மகனுக்கு இப்போ என்ன வயசுன்னு நீயே ஒண்ணு சொல்லு” என்றேன். 10 என்றான். அப்படியென்றால் 5 வருஷத்துக்கு முன் மகனுக்கு 5, தந்தைக்கு 20, தந்தைக்கு இப்போது 25. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிஸ், பதினஞ்சு வயசுல அப்பாவா?” வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. எண்கள் மனிதர்களாக மாறிவிட்டதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? தொடர்ந்தோம். 5 வருஷம் கழித்து 15-உம் 30-உம், கூடுதல் 45. வேண்டியது 70. பத்தவில்லை. 12 போட்டோம். 7, 28, 33. பிறகு 17-உம் 38-உம், கூடுதல் 55. மகன் வயது 2 கூடினால் கூடுதல் 10 கூடுகிறது, ஒன்றுக்கு ஐந்து. 55-லிருந்து 70-க்குப் பதினைந்து வேண்டும், அதற்கு இன்னும் 3 ஆண்டு. மகனுக்கு 15, தந்தைக்கு 45.

விடை வந்துவிட்டது, சமன்பாடு இன்னும் வரவில்லை. அப்புறம்தான் கேட்டேன்: “10-க்கும் 12-க்கும் இதே வேலையைத்தானே செஞ்சோம்? மகன் வயசுக்கு எண்ணை எடுத்துட்டு ம-ன்னு போடு, அப்பா வயசுக்கு அ-ன்னு போடு.” பையன் எழுதினான். மகனுக்கு அப்போது ம − 5. தந்தைக்கு அப்போது அ − 5. அது இதைப் போல் நான்கு மடங்கு. பிறகு ம + 5, அ + 5, கூடுதல் 70. யாரும் அவனுக்குச் சமன்பாட்டைச் சொல்லித்தரவில்லை. இரண்டு முறை செய்த வேலையை, மூன்றாவது முறை எழுத்தை வைத்து எழுதினான், அவ்வளவுதான். இரண்டு ஊகங்களை வைத்து விடையைப் பிடிக்கும் இந்த முறை, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட சீனக் கணக்கு நூலிலேயே மிகுதி, குறைவு என்ற பெயரில் தனி அத்தியாயமாக இருக்கிறது. பாடநூலில் ஒவ்வொரு வாக்கியக் கணக்கு வகைக்கும் குறைந்தது ஓர் எடுத்துக்காட்டாவது, ஊக எண் ஒன்றைப் போட்டுச் சரிபார்த்து, அந்தச் சரிபார்ப்பையே சமன்பாடாக மாற்றிக் காட்டும் விதத்தில் அமையட்டும்.

சமன்பாடு அமைப்பதில் பெரியவர்களும் தடுக்கி விழுவார்கள். அமெரிக்காவில் 1981-இல் வெளியான ஓர் ஆய்வு பிரபலமானது. ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு, இதைச் சமன்பாடாக எழுது என்று பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரிடம் கேட்டார்கள். 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலும் தலைகீழாக, மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கி. ஆங்கில வாக்கியத்தில் ஆறும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் கை அப்படியே போய்விடுகிறது என்பது ஒரு காரணம். தமிழில் இயல்பாக ‘ஆசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்’ என்று சொன்னால், ஆசிரியர், ஆறு, மாணவர் என்ற வரிசையே சரியான சமன்பாட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நம் மொழி தரும் இந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்கிய கணக்குகளில் எச்சங்கள் அடுக்கடுக்காக வந்து, மூன்று தகவல்கள் ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொள்கின்றன. ‘மூன்று மடங்கு அதிகம்’ என்று எழுதினால் மூன்று மடங்கா, நான்கு மடங்கா என்று கெட்டிக்காரப் பிள்ளைதான் முதலில் குழம்பும். ஒரு தகவலுக்கு ஒரு வாக்கியம் போதும். அச்சுக்குப் போகும் முன் பத்துப் பிள்ளைகளிடம் உரக்கப் படிக்கக் கொடுத்து, ‘இதில் என்ன நடக்கிறது, உன் வார்த்தையில் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல முடியாமல் விழித்தால், வாக்கியத்தை மாற்றுங்கள்.

படகு, நீரோட்டக் கணக்குக்கும் இது பொருந்தும். காவிரிக்கரைப் பிள்ளைக்கு எதிர்நீச்சல் தெரியும். ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்க்காத ஊர்ப் பிள்ளைக்கு, படகின் வேகத்திலிருந்து நீரோட்டத்தின் வேகத்தை ஏன் கழிக்கிறோம் என்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாக்கியக் கணக்குகளை நாம் வகை பிரித்து அடுக்கிவிடுகிறோம். வயது, ஈரிலக்க எண், பின்னம், ரயில், விலை. நோட்ஸ்களில் இது இன்னும் மோசம், ஒவ்வொரு வகைக்கும் ஓர் அச்சு. பிள்ளைகள் கதையைப் படிப்பதில்லை. வகையைக் கண்டுபிடித்து, எண்களை அச்சில் ஊற்றிவிடுகிறார்கள். பிரான்சில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1980-வாக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் வயதைச் சொல்லிவிட்டார்கள். கொடுத்த எண்களை எப்படியாவது சேர்த்துத்தான். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு என்றால் விடை இருக்கும், எல்லா எண்ணையும் பயன்படுத்த வேண்டும் என்று பள்ளிக்கூடம் அவர்களுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறது. நம் பயிற்சிகளும் அதையே பழக்குகின்றன.

அதனால் பயிற்சியைக் கலந்து கொடுங்கள். தேவையில்லாத ஓர் எண்ணையும் நுழைத்து வையுங்கள். தகவல் பத்தாத கணக்கு ஒன்று, தகவல்கள் ஒன்றோடொன்று முரண்படும் கணக்கு ஒன்று இருக்கட்டும். அதே கூண்டில் தலைகள் 35, கால்கள் 93 என்று கொடுத்துப் பாருங்கள். சமன்பாடு தீரும், முயல்கள் பதினொன்றரை என்று விடையும் வரும். கால்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க முடியாது என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லட்டும். தீர்வே இல்லாத சமன்பாடுகளையும் முடிவற்ற தீர்வுகள் உடையவற்றையும் நாம் கெழுக்களின் விகிதமாக மட்டும் கற்பிக்கிறோம். ‘2 பேனா, 3 பென்சில் 35 ரூபாய், 4 பேனா, 6 பென்சில் 70 ரூபாய்’ என்றால் இரண்டாவது ரசீது புதிதாக எதுவும் சொல்லவில்லை. 70-க்குப் பதில் 65 என்றால், அதிகம் வாங்கியதற்குக் கடைக்காரர் தள்ளுபடி கொடுத்திருக்கிறார், அல்லது யாரோ தப்பாகக் கூட்டியிருக்கிறார். விகித விதியைப் பிள்ளை மறக்கலாம், இந்த இரண்டு ரசீதுகளை மறக்காது.

குறை எண்ணாக வரும் விடையையும் தூக்கி எறியாதீர்கள். தந்தைக்கு 40, மகனுக்கு 10. எத்தனை ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மகனைப் போல் 5 மடங்காகும்? விடை கழித்தல் இரண்டரை. பிள்ளை பதறிப்போய் எல்லாவற்றையும் அடித்துவிடும். பதற வேண்டாம், இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. அப்போது முப்பத்தேழரையும் ஏழரையும். விடையைக் கதைக்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும் இந்தச் ‘சரிபார்த்தல்’ வரிக்கும் ஒரு மதிப்பெண் வேண்டும். சமன்பாட்டில் போட்டுச் சரிபார்த்தால் போதாது என்பதைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். சமன்பாடே தவறாக அமைந்திருந்தால், அதில் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் வரும்.

வரைபட முறையைப் பற்றி ஒன்று. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியே தீர்வு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெட்டும் புள்ளிக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று கேட்பதில்லை. வாழ்க்கையில் இரண்டு நேரியல் சமன்பாடுகள் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். வீடு மாற்ற குட்டியானை பிடிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு வண்டிக்காரர் 600 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 என்கிறார். இன்னொருவர் 300 ரூபாய், கிலோமீட்டருக்கு 24 என்கிறார். யாரைக் கூப்பிடுவது? 50 கிலோமீட்டரில் இருவருக்கும் 1,500 ரூபாய். கோடுகள் அங்கே வெட்டுகின்றன. புது வீடு 30 கிலோமீட்டரில் என்றால் இரண்டாமவர், 80 கிலோமீட்டர் என்றால் முதலாமவர். பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொல்வார்கள். கைபேசித் திட்டம், பேருந்துச் சலுகை அட்டை, மாடித்தோட்டத்துக்குத் தண்ணீர் வாங்குவது என்று அவர்களே புதுக் கணக்குகளோடு வருவார்கள். ‘இந்தச் சமன்பாடுகளுக்கு ஏற்ற கதை ஒன்று எழுதுக’ என்று ஒரு கேள்வியைப் பொதுத்தேர்விலேயே வைக்கலாம். கதை எழுதத் தெரிந்த பிள்ளைக்குச் சமன்பாடு எழுதவும் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். குறுக்குப் பெருக்கல் முறையை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அம்புக்குறி போட்டு, எந்தக் கெழு எங்கே, எந்தக் குறி எங்கே என்று மனப்பாடம் செய்யும் முறை அது. நீக்கல் முறையால் முடியாத எதையும் அது செய்வதில்லை. அதன் உள்ளே இருக்கும் கருத்து, பன்னிரண்டாம் வகுப்பில் அணிக்கோவையோடு (கெழுக்களைக் கட்டமாக அடுக்கிக் கணக்கிடும் வழி) கிராமரின் விதியாக முறைப்படி திரும்பி வருகிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் 2022-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது இதை நீக்கிவிட்டார்கள். நாமும் நீக்கினால் மிஞ்சும் வகுப்பு நேரம் முழுவதையும் அமைக்கும் வேலைக்குக் கொடுக்கலாம். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வரும்போது தடுமாறுவதும் பாதி குறையும். அங்கேயும் தடை தீர்ப்பதில் இல்லை. மூன்று சமன்பாடுகளைக் கதையிலிருந்து எடுப்பதில்தான்.

பத்தாம் வகுப்பு வினாத்தாளின் ஐந்து மதிப்பெண் கேள்விகளில் இதைத் தொடங்கலாம். ஒரு வாக்கியக் கணக்கு, அதில் மாறிகளை வரையறுக்க 1, சமன்பாடுகளுக்கு 2, தீர்க்க 1, கதையில் வைத்துச் சரிபார்க்க 1 என்று பிரித்து, அந்தப் பிரிவை வினாத்தாளிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும்படி அச்சிடுங்கள். முதலில் காலாண்டுத் தேர்வில் வைத்துப் பார்க்கலாம். மாதிரிக் கணக்குகள் வேண்டுமென்றால் என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கதைகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ஒருவர்